பாதரசம் கட்டிய ஊர்: அல்மாதேன்

ஸ்பெயினில் அல்மாதேன் என்றொரு பழைய சுரங்க ஊர் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, அங்கே அப்படி என்ன விசேஷம், சுரங்கத்தை மூடிய பிறகு பார்க்க ஏதாவது மிச்சம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இந்த ஊரைப் பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

மிச்சம் நிறையவே உண்டு. ஆனால் தெற்கு ஐரோப்பாவின் மற்ற ஊர்களைப் போல அழகான தேவாலயம், பழைய சந்தை, வெள்ளையடித்த தெரு என்று தேடிக்கொண்டு போனால் ஏமாந்து திரும்புவீர்கள். அல்மாதேனில் பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும், அது சிறையோ மருத்துவமனையோ காளைச்சண்டை அரங்கமோ பள்ளியோ, ஒரே கேள்விக்குப் பதிலாக எழுந்தது: இறங்கினால் உடம்பு கெட்டுப்போகும் என்று ஊருக்கே தெரிந்த குழிக்குள் ஆட்களை எப்படி இறக்குவது? இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஊர் தானாகப் பேச ஆரம்பிக்கும்.

ஊர் இருப்பது சியுதாத் ரியால் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், சியெர்ரா மொரேனா மலைத்தொடரின் வடக்குச் சரிவில். பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது: அரபியில் 'அல் மஃதின்' என்றால் சுரங்கம். இங்கே எடுத்த கல்தான் நம் நாட்டு மருந்துக்கடைகளில் சாதிலிங்கம் என்று அறியப்படும் சிவப்புக் கனிமம். அதைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகப் பிரியும், ஆவியைக் குளிரவைத்தால் வெள்ளியாய் மினுங்கும் திரவம் கிடைக்கும். உலகில் வேறு இடங்களிலும் இந்தக் கல் உண்டு. ஆனால் அல்மாதேன் அளவுக்கு எங்கும் இல்லை. மனிதர்கள் இதுவரை எடுத்த பாதரசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2,50,000 டன், இந்த ஒரு சின்ன ஊரின் அடியிலிருந்து வந்தது. ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் வெண்கற்பாறை அடுக்குகளுக்குள் தாது படிந்திருக்கிறது. சில இடங்களில் பாறையை உடைத்தாலே பாதரசம் துளித்துளியாக வெளியே உருளும்.

பாதரசம் எவ்வளவு கனமென்று கையில் தூக்கிப் பார்க்காதவர்களுக்குப் புரிவது கடினம். ஒரு லிட்டர் சுமார் 13.5 கிலோ. இரும்பு ஆணியைப் போட்டால் தக்கை போல மிதக்கும். பிற்காலத்தில் இதை விற்ற இரும்புக் குடுவை பார்க்க ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவுதான், ஆனால் உள்ளே 34.5 கிலோ சரக்கு. இன்றுவரை உலகச் சந்தையில் பாதரசத்தின் அளவே 'குடுவை'தான்.

ரோமர்கள் இங்கே வந்தது பாதரசத்துக்காக அல்ல, அந்தச் சிவப்பு நிறத்துக்காக. பக்கத்திலிருந்த சிசாப்போ என்ற ஊரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். தாதுவை அங்கேயே பக்குவப்படுத்த அனுமதி இல்லை. முத்திரையிட்டு ரோமுக்கு அனுப்ப வேண்டும், ஆண்டுக்குச் சுமார் 2,000 ராத்தல். விழா நாட்களில் ஜுபிடர் சிலையின் முகத்துக்கு அந்தச் சிவப்பைப் பூசுவார்களாம். அவர் சொல்லும் இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டறைகளில் இந்தத் தூளோடு வேலை செய்பவர்கள் விலங்கின் சவ்வுப் பையை முகத்தில் தளர்வாகக் கட்டிக்கொண்டார்கள், மூச்சில் தூள் போகாமலும் கண் தெரியும்படியும். அதாவது இது விஷம் என்ற அறிவு 2,000 ஆண்டுக்கு முன்பே இருந்தது. பின்னால் நடந்த எதையும் 'தெரியாமல் செய்தார்கள்' என்று சொல்ல இடமில்லை.

அரபு ஆட்சிக் காலத்தில் சுரங்கம் ஆழமாகிறது. 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரிசி என்ற அரபுப் புவியியலாளர், இங்கே ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்ததாக எழுதுகிறார்: சிலர் இறங்கிக் கல் வெட்டுகிறார்கள், சிலர் விறகு சுமக்கிறார்கள், சிலர் பாத்திரம் செய்கிறார்கள். கோர்தோபாவுக்குப் பக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனையில் பாதரசம் நிரப்பிய தொட்டி ஒன்று இருந்ததாகவும், அதை அசைத்தால் மண்டபச் சுவரெல்லாம் மின்னல் ஓடுவது போல இருக்கும் என்றும் ஒரு கதை உண்டு. அப்புறம் கிறித்தவ அரசர்கள் கைப்பற்றினார்கள், கலத்ராவா என்ற போர்வீரத் துறவிகளின் சபையிடம் சுரங்கம் போய்ச் சேர்ந்தது. அதுவரை இது பெரிய சுரங்கம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாற்றியது மெக்சிகோ.

1550களின் நடுவில் பார்த்தொலொமே தே மெதினா என்ற செவில் நகரத்து வணிகர், அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த மெக்சிகோவின் பச்சூக்காவில் ஒரு முறையை ஓட்டிக் காட்டினார். வெள்ளித் தாதுவை மாவாக அரைத்து, உப்பும் செப்பு உப்பும் பாதரசமும் சேர்த்து, பெரிய முற்றத்தில் பரப்பி மிதிக்க வேண்டும். வாரக்கணக்கில் கிடந்தால் வெள்ளி பாதரசத்தோடு கலந்துகொள்ளும். பிறகு சூடேற்றினால் பாதரசம் பறந்துவிடும், வெள்ளி தங்கிவிடும். மட்டமான தாதுவிலிருந்துகூட வெள்ளி எடுக்கலாம், மரம் வெட்டி எரிக்கும் செலவும் குறைவு. அன்றிலிருந்து ஸ்பெயின் அரசுக்கு வெள்ளி வேண்டுமென்றால் முதலில் பாதரசம் வேண்டும். பெருவுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை அங்கேயே இருந்த உவான்காவெலிகா என்ற பாதரசச் சுரங்கம் கொடுத்தது. மெக்சிகோவின் பசிக்குச் சோறு போட்டது அல்மாதேன்.

அரசு இதைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. பாதரசத்தை ஆட்டுத்தோல் பைகளில் கட்டி, மரப் பீப்பாய்களுக்குள் வைத்து, கோவேறு கழுதைகளிலும் மாட்டு வண்டிகளிலும் மலை தாண்டிச் செவிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து கப்பல். 1724-ல் குவாதலூப்பே, தொலோசா என்ற இரண்டு கப்பல்கள் சுமார் 400 டன் பாதரசத்தோடு மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவின் சமனா விரிகுடாவில் புயலில் உடைந்தன. அந்த நஷ்டத்தின் பாரம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தெரிந்தது, ஏனென்றால் அத்தனை பாதரசம் போனால் அதற்கு ஈடான வெள்ளியும் அந்த ஆண்டு பூமிக்குள்ளேயே கிடக்கும்.

சரி, தேவை ஏறிவிட்டது. ஆள்?

அந்தக் காலத்தில் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் ஜெர்மனியின் ஃபுக்கர் வங்கிக் குடும்பம். ஸ்பெயின் அரசர் முதலாம் கார்லோஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு வாரி இறைத்த கடனுக்கு ஈடாகக் கிடைத்த குத்தகை அது. 1525-ல் தொடங்கி, நடுவில் சில இடைவெளிகளோடு 1645 வரை நீடித்தது. கூலிக்கு ஆள் போதவில்லை என்று அவர்கள் அரசிடம் கைதிகளைக் கேட்டார்கள். கப்பலில் சங்கிலியோடு துடுப்பு வலிக்கத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒரு தொகுதியை 1566-ல் அரசு இங்கே திருப்பிவிட்டது. 'ஃபொர்சாதோஸ்', அதாவது கட்டாயத்துக்கு உட்பட்டவர்கள், என்று அவர்களை அழைத்தார்கள். பிறகு வட ஆப்பிரிக்க அடிமைகள் வந்தார்கள், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் வந்தார்கள். 1800 வாக்கில்தான் இந்த ஏற்பாடு முடிந்தது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு.

கைதிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்க 1593-ல் அரசு ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் மதெயோ அலெமான், சில ஆண்டுகளில் ஸ்பெயினின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவராகப் புகழ்பெறப் போகிறவர். அவர் கைதிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சத்தியம் வாங்கி வாக்குமூலம் எடுத்தார். என்ன குற்றம், எத்தனை ஆண்டு, என்ன வேலை, அடித்தார்களா, யார் செத்தார்கள். அந்த வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு இடங்கள். ஒன்று, சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைக்கும் வேலை, சுணங்கினால் சவுக்கு. இன்னொன்று உலை. சூடு ஆறாத உலையைத் திறக்கும்போதும் சாம்பலைச் சலிக்கும்போதும் ஆவி நேராக மூச்சில் ஏறும். அந்த வேலை செய்தவர்கள் நடுங்கினார்கள், சிலர் புத்தி பேதலித்துப் போனார்கள். அறிக்கை அரசுக் காகிதங்களோடு காகிதமாகப் போய் அடங்கிவிட்டது. நூற்றாண்டுகள் கழித்துத்தான் அச்சுக்கு வந்தது.

ஸ்பானிய மொழியிலேயே இந்த நடுக்கம் ஏறியிருக்கிறது. பாதரசத்துக்கு அவர்கள் பழைய சொல் 'அசோகே'. 'அசோகாதோ போல நடுங்குகிறான்' என்று இன்றும் சொல்வார்கள். அசோகாதோ என்றால் பாதரசம் ஏறியவன். சுரங்கக்காரர்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு, 'மொதோர்ரோ'. மந்தமாகிப் போனவன் என்று பொருள், பாதரச நோய் கண்ட தொழிலாளிக்கு அந்தப் பெயர். ஒரு நோயாளியைக் குறிக்க இரண்டு தனிச் சொற்கள் தேவைப்பட்டிருக்கிறது என்றால் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள்!

1717-ல் அந்துவான் தெ ஜுசியூ என்ற பிரெஞ்சு மருத்துவர், தாவரவியலாளர், இங்கே வந்து கவனித்து எழுதினார். எனக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே மனதில் ஆழமாகத் தைத்த குறிப்பு அவருடையதுதான். கூலிக்கு வேலை செய்யும் சுதந்திரத் தொழிலாளி சுரங்கத்திலிருந்து ஏறியதும் குளித்துவிட்டு, உடுப்பையும் செருப்பையும் மாற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். அவன் ஓரளவு நன்றாகவே இருக்கிறான். கைதிக்கு மாற்று உடுப்பு கிடையாது. அழுக்குத் துணியோடு சுரங்கத்திலேயே சாப்பிடுகிறான். அவனுக்குத்தான் கன்னம் வீங்குகிறது, வாய் புண்ணாகி எச்சில் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது. ஒரு மாற்றுத்துணி, ஒரு குடம் தண்ணீர், சாப்பிட வேறு இடம். இவ்வளவுதான் வித்தியாசம். 300 ஆண்டுக்கு முன்பே அச்சிட்டுச் சொல்லியாகிவிட்டது.

உலையைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் போனால் அதை நேரில் பார்க்கலாம் என்பதால். 1646-ல் புஸ்தமான்தே என்பவர் உவான்காவெலிகாவில் கண்டுபிடிக்கப்பட்ட உலை முறையை இங்கே கொண்டுவந்தார். கீழே விறகு, மேலே தாது. ஆவி போவதற்கு மண் குழாய்கள். அந்தக் குழாயின் பெயர் 'அலுதேல்'. இரண்டு பக்கமும் வாய் திறந்த சுடுமண் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வயிறு தள்ளியிருக்கும். ஒன்றின் வாயை இன்னொன்றின் வாய்க்குள் செருகி, இணைப்பைக் களிமண்ணால் பூசி, சரிவான தரையில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் கிடத்தியிருப்பார்கள். ஆவி உள்ளே போகப்போகக் குளிர்ந்து, தாழ்வான நடுப்பகுதியில் பாதரசமாக வடியும். களிமண் பூச்சு வெடித்தால் ஆவி வெளியே கசியும். வெயில் காலத்தில் குளிராது என்பதால் கோடையில் உலை அணைந்திருக்கும். எளிமையான, புத்திசாலித்தனமான, மிக மோசமாகக் கசியக்கூடிய ஏற்பாடு. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டு வரை ஓடியது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இன்று நாம் பார்க்கும் அல்மாதேன் உருவானது. வெறும் கைதிகளை வைத்து மெக்சிகோவின் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. நல்ல தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும். வரிவிலக்கு, படையில் சேர்வதிலிருந்து விலக்கு என்று சலுகைகள் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டும், நோய் வந்தால் பார்க்க இடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அப்போது மேற்பார்வையாளராக இருந்த பிரான்சிஸ்கோ ஹாவியேர் தே வில்லேகாஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தார்: காளைச்சண்டை அரங்கம்.

அதைப் பார்த்தால்தான் நம்பத் தோன்றும். காளைச்சண்டை அரங்கம் வட்டமாக இருப்பதுதான் வழக்கம். இது அறுகோணம். வெளிச் சுற்றில் 24 வீடுகள். வீடுகளில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்தார்கள், நடு முற்றத்தில் காளைச்சண்டை நடந்தது. வாடகையும் நுழைவுக் கட்டணமும் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த சான் ரஃபாயேல் மருத்துவமனைக்குப் போனது. மருத்துவமனை 1773-ல் முடிந்தது, பாதரச நோயாளிகளுக்கென்றே கட்டியது. அங்கே நீண்ட காலம் வேலை பார்த்த பாரெஸ் இ ஃபிரான்கேஸ் என்ற மருத்துவர் தான் கண்டதையெல்லாம் 1778-ல் ஒரு பெரிய கையெழுத்துப் பிரதியாக எழுதி வைத்தார். தொழில்நோய் மருத்துவத்தின் தொடக்கம் என்று பலர் இத்தாலியைக் காட்டுவார்கள். அல்மாதேனுக்கும் அந்த வரிசையில் இடம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அரங்கம் எழுந்த அதே ஆண்டுகளில், 1754 வாக்கில், கைதிகளுக்குப் புதிய சிறையும் கட்டினார்கள். சிறையிலிருந்து சுரங்கத்துக்கு நிலத்தடியிலேயே ஒரு பாதை. காலையில் கொட்டடியிலிருந்து இறங்கி, மாலையில் கொட்டடிக்குள்ளேயே ஏறுவார்கள். வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி கட்டப்பட்ட பாதை அது. 1755 ஜனவரியில் சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது. முட்டுக்கொடுத்திருந்த மரமெல்லாம் எரிந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் அணையவில்லை. அதன்பிறகு மரத்தைக் குறைத்துக் கல்லும் செங்கல்லும் வைத்து வளைவுகள் கட்டினார்கள். ஜெர்மானிய வல்லுநர்களும் வந்தார்கள். 1777-ல் மூன்றாம் கார்லோஸ் இங்கே சுரங்கக் கல்விக்கழகத்தைத் தொடங்கினார், ஸ்பெயினிலேயே முதலாவது. வனேடியம் என்ற தனிமத்தை மெக்சிகோவில் முதன்முதலில் இனங்கண்ட ஆந்த்ரேஸ் மனுவேல் தெல் ரியோ இங்கே படித்தவர்.

19ஆம் நூற்றாண்டை வேகமாகச் சொல்லிவிடலாம். மெக்சிகோ கைவிட்டுப் போனது. கடனில் மூழ்கிய ஸ்பெயின் அரசு 1835-ல் பாதரச விற்பனையை ரோத்சைல்டு குடும்பத்திடம் கொடுத்தது. ஃபுக்கர்களின் இடத்தில் இன்னொரு வங்கிக் குடும்பம். கலிபோர்னியாவில் 1845-ல் பெரிய பாதரசச் சுரங்கம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அதற்கு 'நியூ அல்மாதேன்' என்று பெயர் வைத்தபோது, ஏகபோகமும் கரைய ஆரம்பித்தது.

1936-ல் தொடங்கிய ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஊர் குடியரசின் பக்கம் இருந்தது. 1937 பாரிஸ் கண்காட்சியில் குடியரசின் அரங்குக்கு அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் ஒரு நீரூற்று செய்தார். தண்ணீருக்குப் பதில் அல்மாதேன் பாதரசம், உலோகத் தகடுகளில் வழுக்கி வழுக்கி இறங்கும். பிக்காசோவின் கெர்னிகா ஓவியமும் அதே அரங்கில்தான் இருந்தது. அந்த ஊற்று இப்போது பார்சிலோனாவில் மிரோ அறக்கட்டளையில் இருக்கிறது. ஆவி வெளியே வராதபடி கண்ணாடிக்குப் பின்னால்.

முடிவு மெதுவாக வந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவு மக்களை நோயாளிகளாக்கிய துயரத்துக்குப் பிறகு உலகம் பாதரசத்தைப் பயத்தோடு பார்க்கத் தொடங்கியது, விலை சரிந்தது. 1984-ல் பதினோரு தொழிலாளிகள் வேலைக்கும் ஊரின் எதிர்காலத்துக்கும் உறுதி கேட்டுச் சுரங்கத்துக்குள்ளேயே பதினோரு நாள் தங்கிப் போராடினார்கள். இந்த இடத்தில் நின்று யோசித்தால் மனம் கனக்கும். சங்கிலி போட்டு இறக்கிய அதே குழியை மூடாதே என்று அவர்களின் ஊர்க்காரர்களே உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் தொழிலாளிகளின் நிலை மாறியிருந்தது; நல்ல சம்பளம், நிலத்தடியில் மாதத்துக்குச் சில நாள் மட்டுமே வேலை, ஓய்வூதியம். பல தலைமுறை போராடிப் பெற்றவை. 2000களின் தொடக்கத்தில் சுரங்கமும் உலையும் நின்றன. 2011 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் பாதரச ஏற்றுமதியைத் தடை செய்தது. 2012-ல் ஸ்லோவேனியாவின் இத்ரியா என்ற இன்னொரு பாதரசச் சுரங்க ஊரோடு சேர்த்து யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. ஊரில் இப்போது ஏறத்தாழ 5,000 பேர். ஒரு காலத்தில் இதைப்போல இரு மடங்குக்கும் மேல். இளைஞர்கள் போய்விட்டார்கள் என்பதைச் சாயங்காலத் தெருவே சொல்லிவிடும்.

இனி, போவதென்றால்: 2008 முதல் சுரங்கம் பூங்காவாகத் திறந்திருக்கிறது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சான் தெயோதோரோ குழியில் கூண்டேறினால் 50 மீட்டர் கீழே முதல் தளம். சுரங்கம் 700 மீட்டர் வரை போகிறது, நீங்கள் பார்ப்பது மேல்தோல் மட்டும். உள்ளே சான் ஆந்த்ரேஸ் பாரித்தெல் என்ற இடத்தில் நின்று மேலே பாருங்கள்: நிலத்தடியில் செங்கல் குவிமாடம் ஒன்று. கோவேறு கழுதைகள் அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றித்தான் தாதுவை மேலே இழுத்தன. கைதிகளின் பாதையையும் காட்டுவார்கள், அதை அவசரப்படாமல் கடந்து வாருங்கள். வெளியே சின்ன ரயிலில் கூட்டி வருவார்கள். அப்புறம் அலுதேல் உலைகள், 1795-ன் நான்காம் கார்லோஸ் வாயில், மருத்துவமனை, அறுகோண அரங்கம். அரைநாள் போதாது, ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கோடையில் வெயில் கடுமை, வசந்தத்தில் போவது நல்லது.

ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் அரங்கத்தைச் சொல்ல மாட்டேன். ஊரின் சுரங்கப் பொறியியல் பள்ளி வளாகத்துக்குப் போகச் சொல்வேன். அந்தப் பழைய சிறையை 20ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டு, அதே இடத்தில்தான் பள்ளியைக் கட்டினார்கள். அடியில் கிடந்த கொட்டடிகளைப் பிற்பாடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் வகுப்புக்குப் போகும் வளாகத்திலேயே அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.